பச்சை மூடிப் போத்தல்

2022 பெப்ரவரியில் ஒரே கிழமைக்குள் இங்கிலாந்தில் எங்கள் வீட்டுக் கதவுத் துவாரத்தால் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான இரண்டு பொதிகள் வந்து விழுந்தன. ஒன்று இவருடைய பெயருக்கு, மற்றது என் பெயருக்கு. உள்ளே ஒரு கடிதம், படம் போட்ட ஒரு விளக்கத் தாள், முத்திரை ஒட்டத் தேவையில்லாத ஒரு உறை, அப்புறம் சுண்டுவிரல் நீளத்தில் பச்சை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் போத்தல். மூடியைத் திருகி இழுத்தால் கூடவே ஒரு குச்சி வரும். அதன் நுனியில் சின்னச் சின்ன வரிப்பள்ளங்கள். அந்தப் பள்ளங்கள் நிரம்பும் அளவுக்கு மலத்தில் சுரண்டி எடுத்து, திரும்பப் போத்தலுக்குள் செருகி, ‘கிளிக்’ என்று சத்தம் கேட்க மூடி, திகதி எழுதித் தபாலில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“என்னப்பா இது, பீயைச் சுரண்டித் தபாலில அனுப்பச் சொல்லுறாங்கள். தபால்காரனுக்குத் தெரியுமோ உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு?”

இதைச் சொல்லிவிட்டு இவர் தன்னுடைய பொதியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, போன வருசத்துக் கோயில் கலண்டருக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் வீட்டில் அங்கே போன எதுவும் லேசில் திரும்பி வராது.

நான் என்னுடையதை அந்தச் சனிக்கிழமையே செய்தேன். மலம் தண்ணீரில் படக்கூடாது, அதற்கு முன்னமே பிடித்துவிட வேண்டும், எறியக்கூடிய சுத்தமான பாத்திரம் ஏதாவது பாவிக்கலாம் என்று தாளில் இருந்தது. தமிழ் வீட்டில் அதற்கா பஞ்சம்? ஐஸ்கிறீம் டப்பா. ஆனால் எங்கள் டப்பாக்களில் ஐஸ்கிறீம் இருப்பதில்லை. ஒன்றில் சொதி, ஒன்றில் இடித்த மிளகாய்த்தூள், ஒன்றில் மகள் யூனிவர்சிற்றிக்குக் கொண்டுபோக வேண்டிய இறைச்சிக்கறி. அதில் ஒன்றைப் பலிகொடுப்பதற்குத்தான் மனம் வரவில்லை, பரிசோதனைக்கு இல்லை. கடைசியில் மூடி உடைந்த ஒன்று அகப்பட்டது. ஐந்து நிமிசம்கூட எடுக்கவில்லை. பத்து நாளில் பதில் வந்தது: இப்போதைக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை.

எனக்கு இது பெரிய விசயமாகத் தெரியாததற்குக் காரணம் துணிச்சல் இல்லை, பழக்கம். இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக் கடிதம் வரத் தொடங்கும், ஐம்பதுக்குப் பிறகு மூன்று வருசத்துக்கு ஒருக்கால் மார்பக எக்ஸ்ரே. கூச்சத்தை எல்லாம் அந்தக் கட்டில்களிலேயே கழற்றி வைத்துவிட்டோம். ஆம்பிளைகளுக்கு அப்படி இல்லை. நோய் நொடி இல்லாத ஒரு ஆம்பிளையை ‘புற்றுநோய் இருக்கிறதா என்று உன் உடம்பைப் பார்க்க வேண்டும்’ என்று அரசாங்கம் முதன்முதலாகக் கேட்பதே இந்தக் கடிதத்தில்தான். அதுவும் கேட்கிற பொருளைப் பாருங்கள்.

இதை வெறும் சிரிப்புக் கதையாக எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்தது இவருக்கு வந்த மூன்றாவது பொதி.

முதலாவது 2018இல், இவருக்கு அறுபது வயதானபோது வந்தது. அந்த நேரம் இவருடைய தமையன், நாங்கள் எல்லாரும் பெரியண்ணை என்று கூப்பிடுகிறவர், கீமோ எடுத்துக்கொண்டிருந்தார். பெருங்குடல் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே ஈரலுக்குப் பரவியிருந்தது. பெரியண்ணைக்கு ஒரு வருசத்துக்கு மேலாகவே மலம் போகும்போது இரத்தம் பட்டிருக்கிறது. ‘மூலம்’ என்றார். பிறகு ‘உடம்புச் சூடு’ என்றார். வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தார், ஊரிலிருந்து வந்தவர்களிடம் சொல்லி ஏதோ லேகியம் எடுப்பித்தார். மெலிந்துகொண்டு போனபோது நீரிழிவுதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான். நான் ஒரு மருந்துக்கடையில் இருபது வருசமாக வேலை செய்கிறவள். மூலத்துக்குக் களிம்பு வாங்க ஒரே ஆள் மூன்றாம் தரம் வந்தால் ‘ஒருக்கால் ஜிபியிடம் (குடும்ப டொக்டரிடம்) காட்டுங்கோ’ என்று சொல்லப் பழகினவள். எங்கள் வீட்டுக்கு வந்து கோப்பி குடித்துவிட்டுப் போகிற மனிசனிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

2019இல் அவர் போய்விட்டார். அந்தியேட்டி எல்லாம் முடிந்து, அக்கா (அவருடைய மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டை ஒதுங்க வைக்க நானும் போனேன். அவருடைய மேசை லாச்சிக்குள் பழைய பாஸ்போர்ட், இலங்கைக்குப் பேசிய காலத்துப் போன் காட்டுகள், இரண்டு சோடி மூக்குக்கண்ணாடி, அவற்றுக்கு அடியில் மூன்று தபால் உறைகள். பரிசோதனைப் பொதிகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எறியவும் இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. அரசாங்கக் கடிதம் என்றால் எறியக்கூடாது என்று அகதி விண்ணப்பக் காலத்திலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம். நான் அக்காவிடம் சொல்லாமல் எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்ப இவர் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். கண் முன்னே தமையனைப் பார்த்தவர், முதல் ஆளாக ஓடிப்போய்ச் செய்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. “அங்க அண்ணைக்கு நடக்கிறதைப் பார்த்துக்கொண்டு, எனக்கும் அதுதான் எண்டு எழுதி வாங்கச் சொல்லுறியோ?” என்றார். அந்த முதல் பொதி குப்பைக்குப் போனது. இரண்டாவது கொரோனா வந்த 2020இன் கடைசியில் வந்து, எங்கே போனதென்றே தெரியாமல் போனது. படிப்பறிவு இல்லாததால் நம் ஆட்கள் செய்வதில்லை என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இவர் எல்லாம் வாசிப்பார். வாசிப்பதால்தான் பயம்.

இந்தப் பரிசோதனைக்குப் பின்னால் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் நொட்டிங்கம் பகுதியில் 1981இல் தொடங்கிப் பத்து வருசம் ஆள் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 45 முதல் 74 வயதுவரை, 1,52,850 பேர். சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மலத்தில் இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் அட்டையை அனுப்பினார்கள், மறுபாதியைச் சும்மா விட்டார்கள். 1996இல் முடிவு வெளியானது. சும்மா விட்ட பக்கத்தில் குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் 420 பேர், அட்டை அனுப்பிய பக்கத்தில் 360 பேர். நூற்றுக்கு 15 குறைவு.

அதாவது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர், வித்தியாசம் 60 பேர். இந்த எண்ணை முதலில் பார்த்தபோது எனக்கு ‘இவ்வளவுதானா’ என்று இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த 60 பேர் யார்? நொட்டிங்கத்தில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது. தெருவில் விழுந்தவனைத் தூக்கிவிட்டால் யாரைத் தூக்கினோம் என்று தெரியும். வெட்டிச் சத்திரசிகிச்சை செய்து பிழைக்க வைத்த டொக்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம். இங்கே கும்பிடுவதற்கு ஆளே இல்லை, கும்பிட வேண்டியவர் யார் என்பதும் தெரியாது. கணக்கில் மட்டும் 60 பேர் உயிரோடு நடமாடுகிறார்கள்.

இந்த ஆய்வையும் இதைப் போல வேறு சிலதையும் வைத்துக்கொண்டுதான் 2006இல் இங்கிலாந்து நாடு முழுவதற்குமான திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 60 முதல் 69 வயதுக்காரருக்கு. பிறகு மேலே 74 வரை ஏறி, 2021இலிருந்து கீழே படிப்படியாக இறங்கி இப்போது ஐம்பது வயதிலேயே பொதி வருகிறது. ஸ்காட்லாந்து ஆரம்பத்திலிருந்தே 50 என்றுதான் வைத்திருந்தது.

பெரியண்ணையின் லாச்சிக்குள் கிடந்தவை அந்தப் பழைய காலத்து அட்டைகள். வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தீப்பெட்டி மட்டை போல ஒரு மடிப்பு அட்டை, ஆறு சின்ன ஜன்னல்கள். மூன்று வெவ்வேறு முறை போகும்போது, ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்திலிருந்து மட்டைக் குச்சியால் எடுத்துப் பூச வேண்டும். மூன்று நாள் கூத்து. அந்த அட்டையில் இருந்தது ஒரு மரத்தின் பிசின். இரத்தம் பட்டால் இரசாயனம் ஊற்றும்போது நீலமாக மாறும். அதற்கு மனித இரத்தம், ஆட்டு இரத்தம் என்ற பேதம் தெரியாது. 2019 ஜூனிலிருந்து அதை நிறுத்திவிட்டு ‘ஃபிட்’ என்ற இந்தப் பச்சை மூடிப் போத்தலைக் கொண்டுவந்தார்கள். இது மனித இரத்தத்தில் இருக்கும் புரதத்தை மட்டும் பிடிக்கும். முதல்நாள் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டாலும் பிரச்சினை இல்லை. ஒரே ஒருக்கால் எடுத்தால் போதும்.

பாருங்கள், நாடு முழுவதும் கொண்டுவருவதற்கு முன் இந்தப் போத்தலைச் சிறு அளவில் அனுப்பிப் பார்த்தபோது, பழைய அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் நூற்றுக்கு 59 பேர், புதியதை அனுப்பியவர்கள் 66 பேர். புதிதாக எந்தப் பிரசாரமும் இல்லை, ரிவியில் நடிகர் யாரும் வந்து சொல்லவில்லை. ஆறு தரம் தொட வேண்டியதை ஒரு தரம் ஆக்கினார்கள், அவ்வளவுதான். அதிலும் அதிகம் கூடியது ஆம்பிளைகளும், முன்பு ஒருமுறைகூட அனுப்பாதவர்களும். விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று மேடை போட்டுப் பேசுகிறோமே, ஒரு குச்சியின் வடிவத்தை மாற்றியதற்குக் கிடைத்த பலன் எத்தனை மேடைக்குச் சமம் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு எண்ணும் இருக்கிறது, அது அவ்வளவு சந்தோசமானது இல்லை. திட்டத்தின் ஆரம்ப வருசங்களில் போன ஏறத்தாழ 26 இலட்சம் அழைப்புகளை ஆராய்ந்தபோது, வசதியான பகுதிகளில் நூற்றுக்கு 61 பேர் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மிக வறிய பகுதிகளில் 35 பேர். பொதி இலவசம், தபாற்செலவு இலவசம், எல்லார் வீட்டுக்கும் ஒரே பொதி. அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். லண்டன் மற்றப் பகுதிகளை விடப் பின்தங்கியே இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு வேலை செய்கிறவன், நாலு குடும்பம் ஒரு ரொயிலற்றைப் பங்குபோடும் வீட்டில் இருக்கிறவன், கதவடியில் விழும் ஆங்கிலக் கடிதம் எல்லாம் கட்டணம் கேட்டுத்தான் வரும் என்று பழகினவன், இவர்களிடம் ‘ஆறுதலாக இருந்து சுரண்டி எடுங்கள்’ என்றால்?

சரி, இவருடைய கதைக்கு வருகிறேன்.

ஏப்ரலில் நினைவூட்டல் கடிதம் வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. பெரியண்ணையின் மூன்று உறைகளையும் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில், இவருடைய பிளேன்ரீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். இவர், தமையனின் பெயரைப் பார்த்தார். உறையில் இருந்த திகதிகளைப் பார்த்தார். “இதை எப்ப எடுத்தனீ?” என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் காலமை ரொயிலற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்: “இஞ்ச, ஒரு டப்பா தாரும்.”

பத்து நாள் கழித்து வந்த உறை என்னுடையதை விடத் தடிப்பாக இருந்தது. தடிப்பைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

மலத்தில் இரத்தம் இருந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். இங்கிலாந்தில் நூறு பேர் போத்தலை அனுப்பினால் இரண்டு பேருக்கு இப்படி வரும். வந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு இல்லவே இல்லை; மூலமாக இருக்கலாம், பொலிப் என்ற சதை முளையாக இருக்கலாம். இதை எல்லாம் பரிசோதனைத் தாதி ஒருத்தி போனில் பொறுமையாகச் சொன்னாள். இவர் ஓம் ஓம் என்றார். போனை வைத்துவிட்டு வெளியே போய், தோட்டத்தில் தேவையே இல்லாமல் புல் வெட்டினார்.

இந்த ‘இரத்தம் இருக்கிறது’ என்ற முடிவே ஒரு கோடு கிழிக்கும் வேலைதான் என்று பிறகுதான் படித்தேன். ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் இரத்தப் புரதம் இருந்தால் கூப்பிடுவது? இங்கிலாந்து 2019இல் வைத்த கோடு 120. ஸ்காட்லாந்தில் இதே வகைப் பரிசோதனைக்கு 80. அதே பரிசோதனையை, வயிற்றுக் குழப்பம் என்று ஜிபியிடம் போகிறவருக்குச் செய்தால் 10 வந்தாலே அவசரமாக அனுப்புவார்கள். குடலுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? தெரியாது. கோட்டைக் கீழே இறக்கினால் இன்னும் நிறையப் பேரைப் பிடிக்கலாம், ஆனால் அவ்வளவு பேருக்கும் கொலனோஸ்கொப்பி (கமராக் குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) செய்ய ஆள் வேண்டும், அறை வேண்டும். நெதர்லாந்து 2014இல் தொடங்கியபோது 15 என்று கோடு போட்டது. எதிர்பார்த்ததை விட மிக அதிகம் பேர் சிக்கியதில் வரிசை நீண்டு, சில மாதங்களிலேயே 47க்கு ஏற்றினார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ‘உங்களுக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை’ என்று எனக்கு வந்த கடிதத்தின் பொருள் ‘உங்களிடம் ஒன்றும் இல்லை’ என்பது அல்ல. ‘நாங்கள் கிழித்த கோட்டுக்குக் கீழே நிற்கிறீர்கள்’ என்பதுதான். பொலிப் தினமும் இரத்தம் கசிவதில்லை. அதனால்தான் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால்தான், போன மாதம் போத்தல் நல்லாக வந்தாலும் இந்த மாதம் இரத்தம் கண்டால் ஜிபியிடம் போக வேண்டும் என்று கடையில் வருகிறவர்களிடம் நான் நின்று சொல்கிறேன்.

இவரையும் கொலனோஸ்கொப்பிக்குக் கூப்பிட்டார்கள். கொலனோஸ்கொப்பியை விட அதற்கு முதல் இரண்டு நாள்தான் கஷ்டம். நார்ச்சத்து ஆகாது. கீரை இல்லை, பருப்பு இல்லை, விதை உள்ள எதுவும் இல்லை, ஊர்ச் சிவப்பரிசி இல்லை. வெள்ளைச் சோறு, பாண், முட்டை, கோழி. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு அரசாங்கத் தாள் இவரை வெள்ளைச் சோறு சாப்பிடச் சொன்னது. நீரிழிவுக் கிளினிக்கில் கேட்ட ஏச்சுக்கெல்லாம் பழிவாங்குவது போலச் சாப்பிட்டார் (குளிசையை எப்படிப் போடுவது என்று தாதியிடம் தனியாகக் கேட்டு எழுதி வைத்திருந்தோம்). முதல்நாள் வெறும் தெளிந்த திரவம். பிளேன்ரீ குடிக்கலாம். ரசம் வடித்துக் குடிக்கலாமா என்று தாதியிடம் கேட்டேன். ரசம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தவே ஐந்து நிமிசம் போனது. கடைசியில் அவள் “அதனூடாக மறுபக்கம் தெரியுமா?” என்று கேட்டாள். நான் செய்கிற ரசத்தில் தெரியாது.

பின்னேரம் பேதி மருந்து. பொடியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எலுமிச்சம்பழச் சுவை என்று பெட்டியில் போட்டிருந்தது. கடல் தண்ணிக்குள்ள எலுமிச்சம்பழத்தைக் காட்டினதுபோல இருக்கு என்றார் இவர். ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. “எனக்கு வேலை செய்யேல்லை” என்று சொல்லி வாய் மூடவில்லை, எழும்பி ஓடினார். அன்றிரவு நான் மகளின் அறையில் படுத்தேன்.

உள்ளே என்னை விடவில்லை, அதனால் மிச்சம் இவர் சொன்னதுதான். இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார்களாம். கையில் ஊசி மூலம் மயக்கம் போலவும் இல்லாமல் முழிப்புப் போலவும் ஒரு நிலைக்குக் கொண்டுபோய், தலைக்கு முன்னால் இருந்த திரையில் இவருடைய குடலை இவருக்கே காட்டியிருக்கிறார்கள். “உள்ளுக்கெல்லாம் பளபளவெண்டு கிடக்கு, மழை பெய்து ஓய்ஞ்ச ஒழுங்கை மாதிரி” என்றார். வளைவுகளில் காற்றை அடித்துத் திருப்பும்போது வயிறு நொந்ததாம். வரும் வழியில் ஒரு முளை. காம்போடு, சின்னக் காளான் மாதிரி. கம்பியில் ஒரு சுருக்குப் போட்டு, இறுக்கி, சூடு கொடுத்து வெட்டியிருக்கிறார்கள். அது நோகவே இல்லையாம். குடலின் உட்புறத்துக்கு வெட்டும் சூடும் தெரியாது, இழுத்தால் மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டு மில்லிமீற்றர். அடினோமா என்ற வகை முளை. புற்றுநோய் இல்லை. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை இப்படி ஒரு முளையாகத் தொடங்கித்தான், பத்து வருசம் அல்லது அதற்கும் மேலாக எடுத்து மாறுகின்றன. அந்த நீண்ட இடைவெளிதான் இந்தத் திட்டத்துக்கே மூலதனம். புற்றுநோயாகவே இருந்தாலும் முதல் கட்டத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருசம் தாண்டுகிறார்கள். பெரியண்ணையைப் போல நாலாம் கட்டத்தில் பிடித்தால் பத்தில் ஒருவர்.

இவருக்கு ஆத்திரம் வந்தது பிறகுதான். இனி ஒவ்வொரு வருசமும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தார். அவர்கள் ஒரே ஒரு முளைதானே, முழுதாக எடுத்தாகிவிட்டது, இனிக் கொலனோஸ்கொப்பி தேவையில்லை, இரண்டு வருசத்தில் வழமைபோலப் போத்தல் வரும் என்று எழுதினார்கள். “ஒண்டை வெட்டி எடுத்துப்போட்டு இனி வரவேண்டாம் எண்டுறாங்கள்!” பரிசோதனையே வேண்டாம் என்று நாலு வருசம் ஒளித்துத் திரிந்த மனிசன், இப்போது போதுமான அளவு பரிசோதிக்கவில்லை என்று சண்டை. நான் சிரித்தேன். ஆனால் அவர்கள் சொன்னது விதிப்படி சரிதான். ஒவ்வொரு கொலனோஸ்கொப்பியிலும் குடலில் ஓட்டை விழவோ இரத்தம் போகவோ சின்ன ஒரு சாத்தியம் இருக்கிறது. பலன் அதை விடப் பெரிதாக இருந்தால்தான் செய்ய வேண்டும். நோயில்லாத ஆளைத் தேடிப்போய்க் கூப்பிடுகிற வேலையில் இந்தத் தராசு இன்னும் நுணுக்கமாக இருக்க வேண்டும்.

கொலனோஸ்கொப்பியைப் பற்றியே ஒரு பெரிய ஆய்வு 2022 ஒக்ரோபரில் வந்தது. போலந்து, நோர்வே, சுவீடன் நாடுகளில் 84 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ஒரு பகுதியினரை நேரே கொலனோஸ்கொப்பிக்கு அழைத்தார்கள், மற்றவர்களை அழைக்கவில்லை. அழைக்கப்பட்டவர்களில் வந்தது நூற்றுக்கு 42 பேர்தான். பத்து வருசத்தில் ஒரு பக்கம் நூற்றுக்கு 1.20 பேருக்குக் குடல் புற்றுநோய், அழைத்த பக்கம் 0.98 பேருக்கு. 455 பேரை அழைத்தால் ஒருவருக்கு வராமல் தடுக்கலாம். இறப்பில் தெளிவான வித்தியாசம் அந்தப் பத்து வருசத்துக்குள் தெரியவில்லை. உடனே ‘கொலனோஸ்கொப்பி வேலை செய்யாது’ என்று வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்தது. வராத 58 பேருக்கு அது எப்படி வேலை செய்யும்? ஆனால் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கும் ஒரு விசயம் உறைத்தது. இவருடைய முளை அப்படியே கிடந்திருந்தால் புற்றுநோய் ஆகியிருக்குமா? ஆகியிருக்கலாம். ஆகாமல், இவர் தொண்ணூறு வயதில் வேறேதாவது காரணத்தால் போகும்வரை சும்மா கிடந்திருக்கவும் கூடும். பெரும்பாலான முளைகள் சும்மாதான் கிடக்கின்றன. இவர் காப்பாற்றப்பட்டவரா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கையிடம் இதை எல்லாம் போனில் சொன்னேன். “எங்களுக்கு உப்பிடி ஒண்டும் வாறதில்லையே அக்கா” என்றாள். இலங்கையில் எல்லார் வீட்டுக்கும் பொதி போகும் திட்டம் இல்லை. இந்தியாவிலும் வாய், மார்பு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களுக்குத்தான் அரசுப் பரிசோதனை. அங்கே குடல் புற்றுநோய் இங்கே இருக்கும் அளவுக்கு இல்லை என்பது ஒரு காரணம். போத்தலைச் செய்து அனுப்புவது சுலபம், பின்னால் வருகிற கொலனோஸ்கொப்பி வரிசையைச் சமாளிப்பதுதான் செலவு என்பது இன்னொரு காரணம், நெதர்லாந்தே திணறிய விசயம் அது. தங்கைக்கு நான் சொன்னது ஒன்றுதான்: இரத்தம் கண்டால் சூடு என்று இருக்காதே, மச்சானையும் இருக்க விடாதே.

போன வருசம் லண்டன் ஹரோவில் ஒரு சாமத்தியச் சடங்கு. மண்டபத்தில் வாழையிலை போட்டுச் சாப்பாடு. இவர் தன் வயது ஆம்பிளைகள் ஏழெட்டுப் பேரோடு இருந்தார், நான் பக்கத்து மேசை. சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே இவர் ஆரம்பித்துவிட்டார். குச்சி, டப்பா, பேதி மருந்து, ஒழுங்கை, காளான் எல்லாம். “டொக்டர் சொன்னவர், இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் ஆள் முடிஞ்சுது எண்டு!” டொக்டர் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பன்னிரண்டு மில்லிமீற்றர் இப்போது ‘கோலிக்குண்டளவு’ ஆகியிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். நொட்டிங்கம், 455, பெரும்பாலான முளைகள் சும்மா கிடக்கும் என்பது எல்லாம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அந்த மேசையில் ஒருவரும் சாப்பிடவில்லை. ஒருவர் கையில் வடையை வைத்துக்கொண்டே, தன்னுடைய பொதி கராஜுக்குள் கிடக்கிறது, அது பழுதாகிப் போயிருக்குமோ என்று கேட்டார். இன்னொருவர், தனக்கு 76, இப்போதெல்லாம் வருவதில்லையே என்றார். அவருக்கு இவர் பெரிய அதிகாரி மாதிரி விளக்கினார்: எழுபத்தைந்து தாண்டினால் தானாக வராது, இலவச நம்பருக்கு அடித்துக் கேட்டால் அனுப்புவார்கள். அது உண்மை.

“என்ரை மனிசியைக் கேளுங்கோ, மருந்துக்கடையில வேலை செய்யிறவ” என்று இவர் என் பக்கம் கையைக் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள்.

“ஓம்” என்றேன். “அவர் சொல்லுறது சரி. கராஜுக்குள்ள கிடக்கிறதில திகதி பாருங்கோ, முடிஞ்சிருந்தால் போன் பண்ணினால் புதுசு அனுப்புவினம்.”

அப்புறம் பாயாசம் வந்தது.